கோடை முழுக்க மூலையில் கிடந்த புல்வெட்டியை எடுக்கும் முன்

பட்டறைக்காரர், பொள்ளாச்சி

முதல் மழை விழுந்து புல் கிளம்பியதும் பட்டறை வாசலில் புல்வெட்டிகள் வரிசை கட்டும். புகார் ஒன்றேதான்: "போன வருஷம் நல்லா ஓடுச்சுங்க, இப்ப கயிறு இழுத்து இழுத்துத் தோள்பட்டை கழண்டதுதான் மிச்சம்." இன்ஜின் அநேகமாக நன்றாகவே இருக்கும். டேங்கில் விட்டுப்போன பெட்ரோல்தான் கெட்டிருக்கும். மூடியைத் திறந்து மோந்தாலே பிடிபடும். புது பெட்ரோல் மூக்கில் சுரீரென ஏறும், பழையது வார்னிஷ் டப்பா மாதிரி புளித்து வாடை அடிக்கும்.

உள்ளே நடப்பது இதுதான். பெட்ரோலில் சீக்கிரம் ஆவியாகிற பகுதி முதலில் போய்விடுகிறது, இன்ஜின் பற்றுவதே அதில்தான். மிச்சம், பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரின் ஜெட்டில் பிசினாகப் படிகிறது. ஜெட் துளை ஊசி முனை அளவு என்பதால் மெல்லிய படலமே அடைக்கப் போதும். இப்போது பங்கில் வருவது இ20, அதாவது நூற்றுக்கு 20 பங்கு எத்தனால். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஈரம் அளவு மீறினால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். பெட்ரோல் குழாய் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பெட்ரோலிலேயே ஆயில் கலந்து ஓடும் இரண்டு ஸ்ட்ரோக் மிஷினில் இது இன்னும் மோசம். அப்படிக் கலக்கிற 2டி ஆயில் அந்தத் தண்ணீர்ப் படலத்தில் கரையாது, பிஸ்டனுக்கு எண்ணெயே போகாமல் கோடு விழும்.

அதனால் எடுத்ததும் கயிற்றை இழுக்காதீர்கள். பழசைக் கொட்டிவிட்டுப் புதுசாகக் கால் லிட்டர் (இரண்டு ஸ்ட்ரோக்கென்றால் ஆயில் கலந்தது) ஊற்றுங்கள். பிரைமர் பல்பை (கார்புரேட்டரில் இருக்கும் ரப்பர் குமிழ்) ஏழெட்டு முறை அமுக்கி, திரும்பும் குழாயில் குமிழி இல்லாமல் பெட்ரோல் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டு, சோக் (காற்றைக் குறைக்கும் மூடி) போட்டு இழுங்கள். முதல் "டுப்" சத்தம் கேட்டதும் சோக்கை எடுத்துவிடுங்கள். பிறகும் சோக்கோடு இழுத்துக்கொண்டே இருந்தால் பொறி விடும் ஸ்பார்க் பிளக் பெட்ரோலில் நனைந்துவிடும்.

வாடகை மிஷின்காரர், ஒட்டன்சத்திரம்

பிளக் நனைந்ததும் எல்லோரும் செய்கிற ஒரு வேலையைச் சொல்லியாக வேண்டும். பிளக்கைக் கழற்றி, வயர் கேப்பை மாட்டி, இன்ஜின் தலையில் வைத்து "கரண்ட் வருதா பாரு" என்று கயிற்றை இழுப்பார்கள். பிளக் இருந்த ஓட்டை திறந்திருக்கும், உள்ளே பெட்ரோல் தேங்கியிருக்கும். இழுத்ததும் அது பீச்சியடிக்கும், இரண்டங்குலம் தள்ளி பிளக் பொறி விடும். முகமும் புருவமும் கருகுவது இப்படித்தான்.

முறை வேறு. சுவிட்சை ஆஃப் செய்து, கேப்பைத் தள்ளி ஒதுக்கி, ஓட்டையைத் தரைப்பக்கம் திருப்பி ஐந்தாறு முறை இழுத்தால் உள்ளே இருப்பது வெளியே வந்துவிடும். சிந்தியதைத் துடைத்து, பத்து நிமிடம் காற்றாட விட்டு, ஓட்டையில் ஒரு பழைய பிளக்கை மாட்டி அடைத்த பிறகு கரண்ட் பாருங்கள்.

அடுத்து ஆயில் கணக்கு. 1:50 (ஒரு பங்கு ஆயிலுக்கு 50 பங்கு பெட்ரோல்) என்றால் லிட்டருக்கு 20 மில்லி, 1:25 என்றால் 40 மில்லி. மிஷினோடு வரும் புத்தகத்தில் எது போட்டிருக்கிறதோ அதுதான். பாட்டில் மூடியால் "ஒரு மூடி" என்று அளப்பதை விடுங்கள், ஒவ்வொரு கம்பெனி மூடியும் ஒவ்வொரு அளவு. மருந்துக்கடையில் ஊசியில்லாத 20 மில்லி சிரிஞ்ச் ஒன்று வாங்கிப் போட்டால் ஆயுசுக்கும் வரும். முதலில் பாதிப் பெட்ரோல், பிறகு ஆயில், குலுக்கிவிட்டு மீதிப் பெட்ரோல். இந்தக் கலவையை டேங்கிலேயே கலக்கக் கூடாது.

ஆள் மாறும்போது இன்னொரு குழப்பம் வரும். நாலு ஸ்ட்ரோக் புல்வெட்டியில் 2டி கலந்து ஊற்றினால் புகை கக்கும், பிளக்கில் கரி படியும், மற்றபடி பிழைத்துக்கொள்ளும். இரண்டு ஸ்ட்ரோக்கில் வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடத்தில் சீஸ், அதாவது பிஸ்டன் இறுகி நின்றுவிடும். மூடிமேல் பெயின்டில் "ஆயில் கலக்கணும்", "கலக்கக்கூடாது" என்று எழுதிவிடுவது உத்தமம். ஹோண்டா ஜிஎக்ஸ்35 மாதிரி நாலு ஸ்ட்ரோக்கில் இன்ஜின் ஆயில் மொத்தமே 100 மில்லிதான். அதில் 30 மில்லி குறைந்தால் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போய்விட்டதாக அர்த்தம். தினமும் காலையில் பார்க்க வேண்டும்.

தோட்டக்காரர், பேராவூரணி

தீ எப்போது பிடிக்கிறது? பெரும்பாலும் ஓடும்போது இல்லை, பாதி வேலையில் பெட்ரோல் தீர்ந்து "சீக்கிரம் ஊத்துப்பா" என்கிற நேரத்தில். சைலன்சர் அப்போது கொதித்துக்கொண்டிருக்கும். பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம் என்பதால் மேலே போகாமல் தரையோடு ஊர்ந்து போகும். கேன் இங்கே, பீடி அங்கே என்று நினைத்தால் தப்பு. தென்னந்தோப்பில் காய்ந்த மட்டையும் பன்னாடையும் சும்மாவே பற்றிக்கொள்ளும்.

இன்ஜினை நிறுத்தி குறைந்தது பத்து நிமிடம் ஆற விடுங்கள். மண் தெரிகிற இடத்தில் கீழே இறக்கி வைத்து ஊற்றுங்கள், முதுகில் மாட்டியபடி ஊற்றவே கூடாது. ஸ்பிரேயர்காரர்கள் இதைத்தான் அதிகம் செய்கிறார்கள், சிந்தினால் சட்டையும் முதுகும் நனைந்துவிடும். கழுத்துவரை நிரப்பாமல் இரண்டு விரல்கடை விடுங்கள், வெயிலில் பெட்ரோல் விரியும். ஊற்றிய இடத்திலிருந்து பத்தடி தள்ளிப்போய் ஸ்டார்ட் செய்யுங்கள்.

கேன் விஷயம். 1934 பெட்ரோலியம் சட்டத்தின் 8வது பிரிவுப்படி, விற்பனைக்கு இல்லாத பெட்ரோலை உரிமம் இல்லாமல் 30 லிட்டர் வரைதான் வைத்திருக்கலாம். கண்ணாடி அல்லது பீங்கான் பாத்திரமென்றால் ஒரு லிட்டருக்கு மேல் கூடாது, உலோகமென்றால் 25 லிட்டர் வரை, இறுக மூடியிருக்க வேண்டும். தண்ணீர் பாட்டில் அந்தப் பட்டியலிலேயே இல்லை. சட்டம் கிடக்கட்டும். அதைவிட, தாகத்தில் வருகிற ஆள் எடுத்துக் குடிக்கிற அபாயம் பெரிது.

எலக்ட்ரீஷியன், வேதாரண்யம்

2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு இந்தப் பக்கம் கரண்ட் இல்லாத நாட்களில் ஜெனரேட்டர்தான் ஊரை ஓட்டியது. அதனால் அதைப் பற்றிக் கொஞ்சம்.

முதல் ஆபத்து புகை. கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தலைவலி, கிறுகிறுப்பு, வாந்தி என்று தொடங்கும், தூங்கிக்கொண்டிருப்பவருக்கு அதுகூடத் தெரியாது. ஜன்னலைத் திறந்து வைத்தேன், ஃபேன் போட்டேன் என்பதெல்லாம் காப்பாற்றாது. வராண்டா, மாடிப்படிக்குக் கீழ், கார் ஷெட் மூன்றும் வீட்டுக்குள் கணக்குதான். வீட்டிலிருந்து 20 அடி தள்ளி, சைலன்சர் வாய் வீட்டுக்கு எதிர்த்திசையில் இருக்கட்டும். மழைக்கு நாலு கம்பு நட்டு, பக்கமெல்லாம் திறந்தபடி மேலே மட்டும் தகரம் போட்டால் போதும். சத்தத்துக்குப் பயந்து வாசல் பக்கமாக இழுத்து வைப்பவர்களுக்கு இதைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

இரண்டாவது, இரு முனையிலும் ஆண் பிளக் வைத்த வயர். ஜெனரேட்டரில் ஒன்று, சுவர் சாக்கெட்டில் ஒன்று. வீடு முழுக்க எரியும், சரிதான். மெயின் ஆஃப் செய்ய மறந்தால் அந்த 230 வோல்ட் சர்வீஸ் வயர் வழியாக டிரான்ஸ்பார்மருக்குப் போய் மறுபக்கம் 11,000 வோல்ட்டாக ஏறும். அங்கே கம்பத்தில் லைன்மேன் கை வைத்திருப்பார். லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கிற சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். இல்லையென்றால் தனி எக்ஸ்டென்ஷன் வயர் இழுத்து ஃப்ரிட்ஜுக்கும் நாலு லைட்டுக்கும் மட்டும் கொடுங்கள்.

2 கேவிஏ ஜெனரேட்டர் 1 ஹெச்பி போர் மோட்டாரைத் தூக்குமா என்று கேட்பார்கள். கிளம்பும் நொடியில் மோட்டார் ஓட்டக் கரண்டைப்போல் பல மடங்கு இழுக்கும், பல நேரம் தூக்காது. சத்தம் தொய்ந்து விளக்கு மங்கினால் உடனே நிறுத்துங்கள், மோட்டார் காயில் கருகிவிடும்.

வாடகை மிஷின்காரர், ஒட்டன்சத்திரம்

பிளேடு பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. மாற்றும்போது சுவிட்ச் ஆஃப் மட்டும் போதாது, பிளக் கேப்பையே பிடுங்கிவிட வேண்டும். பெரும்பாலான புல்வெட்டிகளில் பிளேடு நட் இடது மரை. வழக்கம்போல் இடப்பக்கம் திருப்பினால் இறுகிக்கொண்டே போகும், கழற்ற வலப்பக்கம் திருப்புங்கள். சுற்றிலும் 15 மீட்டருக்கு ஆளோ மாடோ கூடாது. கல் தெறித்தால் குண்டுபோலப் போகும். கண்ணாடி போடாமல் வெட்டுகிற ஆளுக்கு மிஷின் தராதீர்கள்.

பட்டறைக்காரர், பொள்ளாச்சி

சரி, எடுத்து வைக்கிற முறை. ஒரு மாதத்துக்கு மேல் ஓடாது என்றால் டேங்கைக் காலி செய்யுங்கள். ஜெனரேட்டர், களை எடுக்கும் பவர் வீடர் மாதிரி கிண்ணம் உள்ள கார்புரேட்டரில் பெட்ரோலை அடைக்கும் திருகை (காக்) மூடி, தானாக அணையும்வரை ஓட விட்டு, கிண்ணத்தின் அடி ஸ்க்ரூவைத் தளர்த்தி மிச்சத்தையும் வடியுங்கள். அதை மட்டும் விட்டுவிட்டு டேங்கைத் துடைத்துப் பயனில்லை. ஒரு கரண்டி தங்கினாலும் பிசின்தான்.

புல்வெட்டி, மரம் அறுக்கும் மிஷினில் இருப்பது கிண்ணத்துக்குப் பதில் ரப்பர் சவ்வு உள்ள டயாபிரம் கார்புரேட்டர். அதைக் காய விட்டால் ரப்பர் விறைத்துவிடும் என்று சிலர் பெட்ரோலோடு வைக்கச் சொல்வார்கள். அதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் டயாபிரம் மாற்றிவிடுகிற சாமான், உள்ளே அரித்துப் பூத்துப்போன அலுமினியத்தை மாற்ற முடியாது. காலி செய்வதே என் கட்சி.

பிறகு பிளக்கைக் கழற்றி ஒரு டீஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு, கயிற்றை மெதுவாக இரண்டு மூன்று முறை இழுத்து, பிளக்கை மாட்டுங்கள். மறுபடி இழுத்து, கயிறு கனக்கிற இடத்தில் விடுங்கள். நாலு ஸ்ட்ரோக்கில் அங்கே வால்வு இரண்டும் மூடியிருக்கும், ஈரம் உள்ளே போகாது. வைக்கிற அறையில் சாமி விளக்கு, கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ் எதுவும் வேண்டாம். கேன் மிஷினோடு இருக்க வேண்டாம், தனியாகப் பூட்டுங்கள்.

சைலன்சர் வாயில் குளவி மண்கூடு கட்டும். அடுத்த வருஷம் "பவரே இல்லைங்க" என்று தூக்கிக்கொண்டு வருவார்கள், பிரித்தால் உள்ளே களிமண். நன்றாக ஆறியபின் ஒரு சிவப்புத் துணியைச் சுருட்டி அடைத்து வையுங்கள். துணியின் ஒரு முனை ஒரு சாண் வெளியே தொங்கட்டும், அப்போதுதான் எடுக்கும்போது கண்ணில் படும்.