ராக் இன்ஹிபிட்டர் போட்டும் ஐபிஎஸ் செல் எல்லாம் மெதக்குது, என்ன தப்பு பண்றேன்?

வெள்ளைக்கோட்டு:
ஐபிஎஸ் ஸ்டெம் செல்ல அக்யூடேஸ் என்சைம் போட்டு சிங்கிள் செல்லா பிரிச்சு சிக்ஸ் வெல் பிளேட்ல விட்டேன், காலைல வந்து பாத்தா முக்காவாசி செத்து மெதக்குது. முதல்ல அடில ஒட்டட்டும்னு விட்டுட்டு மறுநாள் காலைலதான் ராக் என்சைம அடக்கற அந்த இன்ஹிபிட்டர், ஒய்-27632, பத்து மைக்ரோமோலார் போட்டேன். 5 மில்லிகிராம் பாட்டில், நெட்ல மூலக்கூறு எடை 247னு இருந்துச்சு, அத வச்சு 2 மில்லி தண்ணில கரைச்சேன். மிச்சம் இருக்கற கொஞ்ச செல்லும் சாயங்காலம் பாத்தா வால் மொளச்ச மாதிரி நீளமா கெடக்கு, டிஃபரன்ஷியேட் ஆகி வேற வகை செல்லா மாறிடுச்சா? கைடுகிட்ட கேக்க பயமா இருக்கு, போன வாரம்தான் ஒரு வயல் காலி பண்ணேன்.

பைபெட்பாண்டி:
செத்தவன் வாய்ல கஷாயம் ஊத்திருக்கீங்க ப்ரோ. பக்கத்து செல்லோட பிடி விட்ட உடனே ராக் முழிச்சுக்கும், செல்ல சுருக்கற மயோசின் புரோட்டீன் கண்டபடி இழுக்கும், செல் மேல கொப்புளம் கொப்புளமா கெளம்பும், ராத்திரியே கதை முடிஞ்சிடும். பிரிக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே போடுங்க, பிளேட் பண்ற மீடியத்துலயும் இருக்கணும். 2007ல ஜப்பான் ரிக்கன்ல சசாய் குரூப் மனுஷ இஎஸ் செல்லுல (கரு ஸ்டெம் செல்) இத போட்டுத்தான் குளோனிங் எஃபிஷியன்சிய, அதாவது தனி செல் பொழச்சு காலனி ஆகற விகிதத்த, 1 சதவீதத்துல இருந்து 27 பக்கம் கொண்டுபோனாங்க. வால் பத்தி கவலப்படாதீங்க, அது மருந்து வேல. 24 மணி நேரத்துல மீடியம் மாத்துங்க, திரும்ப கூடி காலனியா உக்காந்துடும்.

மோலார்மாமி:
பாட்டில் லேபிள பாத்தீங்களா? பெரும்பாலும் டைஹைட்ரோகுளோரைடு உப்பாதான் விப்பாங்க, அதுக்கு எடை 320. அப்படின்னா 10 மில்லிமோலார் ஸ்டாக்குக்கு 5 மில்லிகிராமுக்கு 1.56 மில்லிதான் ஊத்தணும், உங்க ஸ்டாக் 7.8 மில்லிமோலார்தான் இருக்கும். செல் செத்ததுக்கு இது காரணம் இல்ல, ஆனா டப்பால 10னு எழுதிருந்தா இப்பவே அடிச்சுடுங்க. கொட்ட வேணாம், 2 மில்லி வெல்லுக்கு 2.6 மைக்ரோலிட்டர் போட்டா சரியாயிடும். சின்னச்சின்ன டியூபா (அலிகாட்) பிரிச்சு மைனஸ் இருபதுல வைங்க, ஒரே டியூப எடுத்து எடுத்து உருக்காதீங்க.

எட்டாம்_வருஷம்:
ஒண்ணு மட்டும். இது ராக்க மட்டும் பிடிக்கறது இல்ல, பிஆர்கே2ங்கற இன்னொரு என்சைமும் இதுல மாட்டும். செல் நகர்றது, ஆக்டின், இந்த மாதிரி எக்ஸ்பெரிமென்ட்னா மருந்து உள்ள இருக்கும்போது ரீடிங் எடுத்துடாதீங்க. சும்மா லைன ஓட்டணும்னா இடிடிஏ போட்டு கொத்தாவே பிரிச்சு மாத்துங்க, நான் அப்படித்தான், எனக்கு இன்ஹிபிட்டரே தேவப்படல.

வெள்ளைக்கோட்டு:
லேபிள்ல டைஹைட்ரோகுளோரைடுதான் 😭 புதுசா ஒரு வயல் எடுத்து வளத்து, நேத்து முன்னாடியே போட்டு பிரிச்சேன். எல்லாம் வால் வாலா இருக்கு ஆனா ஒட்டிருக்கு! இப்பதான் மீடியம் மாத்தினேன், சாயங்காலம் பாத்துட்டு சொல்றேன்.