அவாஸ்குலர் நெக்ரோசிஸ்: ‘குருதியறு என்புமடிவு’ எனலாமா?

நண்பர்களுக்கு வணக்கம்.

அவாஸ்குலர் நெக்ரோசிஸ் என்னும் எலும்பு நோய்க்குத் தமிழ்ப்பெயராக முன்மொழியப்பட்ட ‘எலும்பு அழுகல்’ என்பதை என்னால் ஏற்க இயலவில்லை. அழுகல் என்றதும் கிருமியும் சீழுமே நினைவுக்கு வரும். இந்நோயிலோ கிருமிக்கு வேலையில்லை, குருதி வராமையால்தான் எலும்பின் உயிரணுக்கள் இறக்கின்றன. பேச்சில் வழங்கும் ‘எலும்புத் தேய்மானம்’ என்பது மூட்டுத் தேய்வுக்கு ஏற்கெனவே நிலைத்துவிட்ட பெயர்.

பெரும்பாலும் தாக்கப்படுவது தொடையெலும்பின் தலை. அதற்குக் குருதி கொண்டுசெல்லும் தமனிக் கிளைகள் மெல்லியவை. அவை அடைபட்டால் மாற்றுவழி அரிது. சிறுநீரகத்தின் மேலமர்ந்த சுரப்பியான அண்ணீரகம், கார்ட்டிசால் என்னும் இயக்குநீரை (ஹார்மோனை) மிகையாகச் சுரக்கும் குஷிங் நோயில் இது எப்போதாவதுதான் தோன்றுகிறது. அவ்வகை இயக்குநீரையே ஸ்டீராய்டு மருந்தாக உயர்ந்த அளவில் எடுத்துக்கொள்வோரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. முடக்குவாதத்துக்குக் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு முதன்முதலில் தரப்பட்டது 1948-இல். அதனால் நேர்ந்த எலும்புச் சிதைவு 1957-இலேயே பதிவாகிவிட்டது. எலும்பின் உள்ளிருக்கும் மென்திசுவான மச்சையில் கொழுப்பணுக்கள் பெருக, விரிந்துகொடுக்காத எலும்புக் கூட்டுக்குள் அழுத்தம் உயர்ந்து நுண்குழாய்கள் நெரிபடுகின்றன என்பது ஒரு விளக்கம். கொழுப்புத் துளிகளும் குருதிக்கட்டிகளும் அவற்றை அடைக்கின்றன என்பது மற்றொன்று. எவ்விளக்கத்தை எடுத்தாலும் முதலில் நிற்பது குருதியோட்டமே ஆதலால், பெயரில் குருதி இடம்பெற்றே ஆக வேண்டும்.

ஆகவே ‘குருதியறு என்புமடிவு’ என்பதை முன்வைக்கிறேன். ‘என்பு’ குறளில் உள்ள சொல். ஈழத்துப் பாடநூல்களில் இன்றும் இயல்பாக வழங்குவது. ‘குருதியறு’ என்பதிலுள்ள வினை காலங்காட்டாது நிற்பது இங்கே நன்மையே: எக்ஸ்-கதிர்ப் படத்தில் ஏதும் தெரியாமல் எம்.ஆர்.ஐ.யில் மட்டும் தெரியும் தொடக்க நிலைக்கும், தொடையெலும்பின் தலை நொறுங்கி மூட்டையே மாற்ற வேண்டிய இறுதி நிலைக்கும் அது ஒருங்கே பொருந்தும். ‘மடிவு’ என்றால் எலும்பு மடங்குவதாகப் பொருள்படாதோ என்று கேட்கலாம். போரில் மடிந்தான் என்னும் வழக்கு உயிரோடிருக்கும்வரை அந்த மயக்கம் பெரிதன்று. ‘எலும்பு இறப்பு’ என்று மருத்துவச் சீட்டில் எழுதி நோயாளியை மிரட்டுவதைவிட இது மேல்.

ஆஸ்டியோநெக்ரோசிஸ் என்னும் பொதுப்பெயருக்கு ‘என்புமடிவு’ மட்டுமே போதும். காரணத்தைச் சுட்ட வேண்டிய இடத்தில் ‘அண்ணீரகவழி என்புமடிவு’, ‘ஸ்டீராய்டுவழி என்புமடிவு’ என இரண்டாகவே பிரித்து எழுத வேண்டும். முன்னதில் மிகைச்சுரப்பின் மூலத்தைத் தேடிக் களைய வேண்டும், பின்னதில் மருந்தின் அளவை மருத்துவர் மறுபடி எண்ணிப்பார்க்க வேண்டும்.