மறுமொழி: பைசாந்திய 'அல்லிகோரியா'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

அன்பர்களுக்கு வணக்கம்.

பைசாந்தியத்தில், அதாவது இடைக்காலக் கிழக்கு ரோமப் பேரரசில், பழைய தெய்வக் கதைகளுக்கு உட்பொருள் சொல்லும் முறையே 'அல்லிகோரியா'. அதற்கு 'உருவகக் கதை' என்று சொல்லலாம் என்ற பரிந்துரை பொருந்தாது என்றே நினைக்கிறேன். எழுதுகிறவரே ஒரு கருத்தை உள்ளே வைத்துப் புனைவதைத்தான் அப்படிச் சொல்கிறோம். பைசாந்தியத்தில் கதை பழங்கிரேக்கக் கவி ஹோமருடையது. பல நூற்றாண்டுகள் கழித்து அதற்குப் பொருள் சொல்ல வருகிறவர் வேறொருவர்.

12ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டான்டினோபிளில் இருந்த ஜான் ட்செட்செஸை எடுத்துக்கொள்வோம். ஜெர்மானிய நாட்டிலிருந்து வந்து, 1146இல் பேரரசர் முதலாம் மனுவேலை மணந்த ஐரீனுக்காக ஹோமரின் காவியமான இலியத்தை விளக்கி எழுதத் தொடங்கினார். பதினைந்து அசை கொண்ட எளிய அடிகளில், கிரேக்கத்துக்குப் புதியவரும் பின்தொடரும்படி எழுதினார். அரசன் அகமெம்னோனை வெட்ட வீரன் அக்கிலீஸ் வாளை உருவும்போது, பெண்தெய்வம் அதீனா பின்னால் வந்து அவன் முடியைப் பிடித்து இழுக்கிறாள் அல்லவா? அங்கே அவனைத் தடுத்தது அவனுடைய விவேகமே என்கிறார் ட்செட்செஸ். ஹெபைஸ்டஸ் என்ற தெய்வம் நெருப்பு. தெய்வங்களின் தலைவன் ஜீயஸ் ஓரிடத்தில் வானம், ஓரிடத்தில் மனம், இன்னோரிடத்தில் மண்ணில் வாழ்ந்த அரசன். கிறித்தவ நாட்டில் பழைய தெய்வக் கதைகளை உறுத்தலில்லாமல் படிக்க இந்த வழி பெரிதும் கைகொடுத்தது. ஹோமருக்கு விரிவான உரை எழுதிய யூஸ்டாத்தியஸ் தெசலோனிக்கியின் பேராயராகவே இருந்தவர்.

சரி, சொல்லுக்கு வருகிறேன். இயற்கைக் காட்சிக்குள் குறிப்புப்பொருளை வைப்பதைச் சொல்லும் தொல்காப்பிய 'உள்ளுறை' அழகான சொல். ஆனால் அதுவும் பாடியவர் வைப்பது. ஆகவே அதே சிக்கல். பாசுரங்களுக்கு உட்பொருள் காட்டும் வைணவ உரைகளின் 'ஸ்வாபதேசம்' இன்னும் நெருங்கி வருகிறது: தூது போகும் பறவையை ஆசாரியன் என்று காட்டுவது உரையாசிரியர் வேலைதானே. எனினும் அங்கே உட்பொருள் பக்தியை ஆழமாக்குகிறது. ட்செட்செஸோ தெய்வத்தையே கரைத்துவிடுகிறார். சம்பிரதாயத்தோடு ஒட்டிய சொல்லை அவருக்குத் தர மனம் வரவில்லை.

என் பரிந்துரை 'உட்பொருளுரை'. 'உரை' என்று முடிவதால், இது பிறர் நூலுக்குச் சொல்லும் விளக்கம் என்பது சொல்லிலேயே தெரியும். இயற்கைவழி, உளவழி, வரலாற்றுவழி என்று அடை சேர்த்தால் ட்செட்செஸின் மூன்று முறைகளையும் பிரித்துப் பேசலாம்.

ஒன்று மட்டும் இதில் அடங்கவில்லை. 6ஆம் நூற்றாண்டின் ஜான் மலாலாஸ் தம் காலவரலாற்றில் ஜீயஸை அசீரிய அரசர் வரிசையில் வைத்துவிடுகிறார். அவர் யாருக்கும் உரை எழுதவில்லை, புராணத்தையே வரலாறாகத் திருப்பிச் சொல்கிறார். அதற்குத் தனிச்சொல் வேண்டும். இப்போதைக்கு 'மாந்தராக்கம்' என்று வைத்திருக்கிறேன். 'மனிதமயமாக்கல்' என்று குழப்பிக்கொள்ள இடமிருக்கிறது. இதைவிடத் தெளிவான சொல் தோன்றினால் எழுதுங்கள்.