கப்பல் அறையில் காலைக் காபி: உங்களுக்கு என்ன நடந்தது?

பீனிக்ஸ்காரி:

போன டிசம்பரில் நம்ம தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து மொசாம்பிக்கின் போமேனே வரை நாலு ராத்திரிக் கப்பல் பயணம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், மாமியார். மாமியாருக்கு எழுபத்தாறு வயது. திருநெல்வேலியிலிருந்து என்னோடு இருக்க வந்து ஆறு வருஷம் ஆகிறது. நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும். நாலரைக்குக் கையில் டம்ளர் இல்லையென்றால் அன்றைக்கு வீட்டில் யாருக்கும் நல்ல பொழுது கிடையாது.

அதனால் முன்யோசனையாக, சொட்டுச் சொட்டாக இறங்குமே, அந்தச் சின்ன காபி மெஷினை டவலில் சுற்றிப் பெட்டியில் வைத்தேன். துறைமுகத்தில் பெட்டி எக்ஸ்ரேக்குள் போனது, திரும்பி வரவில்லை. பாதுகாப்புப் பையன் கூப்பிட்டான். "ஆன்ட்டி, இது சூடாகிற சாமான். அயர்ன் பாக்ஸ், கெட்டில், காபி மெஷின் எதுவும் ஏற்ற முடியாது. இறங்கும்போது வாங்கிக்கோங்க" என்று ஒரு சீட்டைக் கொடுத்தான். மாமியார் பக்கத்தில் நின்று, "என்னட்டி, காபி மெஷினுக்கும் பாஸ்போர்ட் கேக்கானா?" என்றார்.

அறைக்குள் போய்ப் பார்த்தால் கெட்டில் கிடையாது. ஒரு ஜாடி தண்ணீர், இரண்டு கண்ணாடி டம்ளர், அவ்வளவுதான். டிசம்பரில் நம்ம கரையோரம் ஐந்து மணிக்கு முன்னாலேயே விடிந்துவிடும், உங்களுக்குத் தெரியும். ஜன்னலில் வெளிச்சம், மாமியார் கட்டிலில் சம்மணமிட்டு என்னையே பார்க்கிறார். போனில் ரூம் சர்வீசைக் கூப்பிட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நைட்டிக்கு மேல் சால்வையைப் போர்த்திக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கினேன். காபி பார் பூட்டிக் கிடந்தது. காலைச் சாப்பாட்டுக் கூடத்தில் நாற்காலிகளை மேசை மேல் கவிழ்த்துத் தரை துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்றாம் நாள்தான் தெரிந்தது, அந்தக் கூடத்தின் ஓரத்திலேயே வெந்நீரும் டீ பையும் ராத்திரி முழுக்கத் திறந்துதான் இருந்திருக்கிறது. தரை துடைக்கிறவர்களைப் பார்த்துவிட்டு மூடியாச்சு என்று திரும்பியவள் நான். இரண்டு நாளும் அதைத் தாண்டித்தான் போயிருக்கிறேன்.

இந்த பிப்ரவரியில் மறுபடி போகிறோம். அறையிலேயே ஒரு காபி மெஷின் வைத்தால் கப்பல்காரனுக்கு என்ன குறைந்துவிடும்? உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

பழைய வயர்மேன், இசிபிங்கோ:

தங்கச்சி, அந்தப் பையனைத் திட்டாதே. டர்பன் டிரை டாக்கில் கப்பல் வயரிங் வேலை பார்த்தவன் நான். ஒரு கப்பலில் ஒரு பயணி, தான் கொண்டுவந்த ஹீட்டர் காயிலை அறையில் டம்ளரில் போட்டுவிட்டு, மறந்து மேலே டெக்குக்குப் போயிருக்கிறார். தண்ணீர் வற்றி, டம்ளர் வெடித்து, மேசை கருகி, பக்கத்துத் திரை பாதி பொசுங்கியிருந்தது. அந்த மேசையைக் கழற்றி வெளியே எடுத்ததே என் கைதான். நெருப்பு அதோடு நின்றது அவர் அதிர்ஷ்டம்.

நம்ம வீட்டு கெட்டில் 2,000, 2,200 வாட் இழுக்கும். ஒரு தாழ்வாரத்தில் இருபது அறை என்று வை, விடிகாலையில் இருபது பேரும் ஒன்றாகப் போட்டால் கணக்கு எங்கே போகும் பார். போதாததற்கு, பெரும்பாலான கப்பல் அறைகளில் 110 வோல்ட் அமெரிக்கப் பிளக்கும் 220 வோல்ட் ஐரோப்பியப் பிளக்கும்தான். நம்ம ஊர் மூன்று தடித்த உருண்டைக் கால் எதிலும் நுழையாது. உடனே எல்லாரும் அடாப்டர் தேடுவார்கள். ஒருத்தர் 110-இல் மாட்டிவிட்டு, "கெட்டில் கெட்டுப்போச்சு, அரை மணி நேரமாகியும் கொதிக்கல" என்று என்னிடமே புலம்பினார். வோல்ட் பாதியானால் சூடு பாதியாவதில்லை, கால்வாசியாகிவிடும். 2,200 வாட் கெட்டில் அங்கே 550 வாட்தான். கெட்டில் நல்லாத்தான் இருந்தது.

கடலில் தீ பிடித்தால் ஃபயர் எஞ்சின் வராது. அகில்லே லௌரோ கப்பல் ஞாபகம் இருக்கா? 1994 நவம்பர் 30, நம்ம நாட்டை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தது. சோமாலியாவுக்கு அப்பால் எஞ்சின் அறையில் தீ. டிசம்பர் 2-இல் முழுகிவிட்டது. அது காபியால் வந்த தீ இல்லைதான். ஆனால் அந்தச் செய்தி வந்த வாரம் டாக்கில் வேலை செய்த எங்களில் ஒருத்தரும் சத்தமாகப் பேசவில்லை.

ஜோபர்க் தம்பி:

அண்ணா சொல்வது சரி, ஆனால் காசு கொடுத்தால் கப்பலும் மெஷின் வைக்கிறது! கல்யாணம் ஆகி பத்தாம் வருஷம் என்று ஒரு தடவை மட்டும் பெரிய சூட் எடுத்தோம். அறைக்குள் நுழைந்ததும் மனைவி பால்கனியைப் பார்க்கவில்லை, மேசை மேல் பளபளவென்று நின்ற கேப்சூல் மெஷினைத்தான் பார்த்தாள்.

மறுநாள் நாலே முக்காலுக்குப் பட்டனை அமுக்கினேன். பக்கத்து வீட்டில் போர்வெல் போடுகிற மாதிரி ஒரு சத்தம். குழந்தை எழுந்து அழ ஆரம்பித்தது, ஏழு மணி வரை நிறுத்தவில்லை. வந்த காபி ஒரு சங்கு அளவு. பால் என்று வைத்திருந்தது கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஒரு வெள்ளைத் திரவம். ஊற்றினால் காபி சாம்பல் நிறமாகிறதே தவிர பால் ருசி இல்லை. ஒரு நாளைக்கு இத்தனை கேப்சூல் என்று கணக்கு வேறு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பணிவாகக் கேட்க வேண்டும். நாங்கள் இருவரும் காபிக்காரர்கள். மூன்றாம் நாளில் யார் கடைசி கேப்சூலைக் குடித்தது என்று சண்டை. பத்தாம் வருஷக் கொண்டாட்டம்!

கேப் டவுன் சித்தி:

எனக்கு நேர் எதிர் அனுபவம். மகளைப் பார்க்க லண்டன் போய்விட்டு, விமானம் வேண்டாம் என்று சவுத்தாம்ப்டனிலிருந்து கேப் டவுனுக்குக் கப்பலில் வந்தேன். குனார்ட் கப்பல். அறையில் கெட்டில், டீ, காபிப் பொட்டலம், பிஸ்கட், எல்லாம் தட்டில் அடுக்கி வைத்திருந்தார்கள். வெள்ளைக்காரனுக்கு எழுந்ததும் படுக்கையிலேயே டீ வேண்டும். அது இல்லாத கப்பலில் அவன் ஏறமாட்டான் போல.

அப்போ நான் கேட்கிறேன் வயர்மேன் அண்ணா, அந்தக் கடலில் மட்டும் தீ பிடிக்காதா?

(கெட்டிலோடு நான் கொண்டுபோன பித்தளை ஃபில்டரும் சேர்ந்ததால் எனக்கு மகாராணி வாழ்க்கைதான். தினமும் காலையில் டிகாக்ஷன் இறக்கி, போர்வைக்குள் உட்கார்ந்து குடித்தேன். பிஸ்கே வளைகுடாவில் கப்பல் ஆடிய ஆட்டத்தில் ஒரு நாள் முழு ஃபில்டரும் கம்பளத்தில் கவிழ்ந்ததை மட்டும் சொல்லாமல் விடுகிறேன்.)

பழைய வயர்மேன், இசிபிங்கோ:

சித்தி, அது அவர்களே வாங்கி, அந்த வயரிங்குக்குத் தோதாகப் பார்த்து வைத்த கெட்டில். தண்ணீர் கொதித்ததும் தானே நிற்கும். அத்தனை அறையிலும் அதே மாடல். அறைக்கு எவ்வளவு இழுக்கும் என்று கணக்குப் போட்டே கேபிள் இழுத்திருப்பார்கள். நம்ம பெட்டிக்குள் வருவது எந்தக் கடையில் வாங்கியது, எத்தனை வருஷம் ஆனது, ஒயர் எங்கே பிய்ந்திருக்கிறது என்று யாருக்குத் தெரியும்? தடை காபிக்கு இல்லை, தெரியாத கம்பிக்கு.

முன்னாள் கேபின் பையன்:

வணக்கம். நான் தூத்துக்குடி. ஐந்து வருஷம் கப்பலில் அறை சுத்தம் பண்ணுகிற வேலை பார்த்துவிட்டு இப்போது உம்லாங்காவில் ஒரு உணவகத்தில் இருக்கிறேன். எங்கள் பக்கக் கதையையும் கேளுங்கள்.

கெட்டிலை எங்கே ஒளிப்பார்கள் தெரியுமா? அலமாரியில் லைஃப் ஜாக்கெட்டுக்குப் பின்னால். எல்லாரும் அங்கேதான்! ஒரு பாட்டி தலையணை உறைக்குள் வைத்திருந்தார். படுக்கை தட்டும்போது என் காலில் விழுந்தது. பார்த்தால் மேலே சொல்லியாக வேண்டும், சொல்லாவிட்டால் என் வேலை போகும். சொன்னால் பாட்டி என்னோடு பேசமாட்டார். பேசவும் இல்லை.

மெஷின் வைத்த அறைகளில் வேறு தொந்தரவு. காபிச் சக்கையை வாஷ்பேசினில் கொட்டுவார்கள், அடைத்துக்கொள்ளும். வெள்ளை டவலால் சிந்தியதைத் துடைப்பார்கள், அந்தக் கறை எந்தச் சோப்புக்கும் போகாது. ஒரு ஆளுக்குப் பதினைந்து, இருபது அறை. அறைக்கு நாலு கப்பு கழுவுவது என்றால் கூட்டிப் பாருங்கள். தீ ஒரு காரணம்தான் அக்கா. கீழே காபி பாரில் காசு கொடுத்துக் குடிக்கவும் ஆள் வேண்டுமல்லவா? அதை யாரும் வெளியே சொல்லமாட்டார்கள்.

பீனிக்ஸ் அக்காவுக்கு ஒரு வழி சொல்கிறேன். மெஷினை மறந்துவிடுங்கள். நம்ம ஃபில்டருக்கு ஒயரும் இல்லை, சூடாகிற கம்பியும் இல்லை. அது வெறும் பாத்திரம், நான் இருந்த கப்பல்களில் யாரும் தடுத்ததில்லை. ஊரில் அம்மா என்ன செய்வாங்க? ராத்திரி படுக்கும் முன்னால் பொடியைப் போட்டு, குடையை வைத்து அமுக்கி, வெந்நீர் ஊற்றி மூடி வைத்துவிடுவாங்க. காலையில் கெட்டியாக டிகாக்ஷன் இறங்கியிருக்கும். அதையே கப்பலிலும் செய்யுங்கள். ராத்திரி சாப்பிட்டு வரும்போது ஃப்ளாஸ்க்கில் வெந்நீர் பிடித்து வந்தால் போதும். ஃப்ளாஸ்க்கில் விடிகிறவரை வைத்த தண்ணீரில் காலையில் டிகாக்ஷன் போட்டால் சூடு பத்தாது, பழுப்புத் தண்ணீர்தான் வரும். ராத்திரியே போட்டுவிடுங்கள். காலையில் தேவை சூடான பால் மட்டும்.

பொடியைப் பிரிக்காத பாக்கெட்டாகக் கொண்டுபோங்கள். டப்பாவில் தட்டிக் கொண்டுபோனால், பழுப்புப் பொடியைப் பார்த்து நாயைக் கூப்பிடுவார்கள். ஒரு மதுரைக் குடும்பத்துக்கு நடந்ததைக் கண்ணால் பார்த்தேன். நாய் முகர்ந்துவிட்டுத் தும்மியது.

சாட்ஸ்வர்த் தாத்தா:

எல்லோருக்கும் வணக்கம். நான் இங்கே பிறந்தவன். தமிழ் சனிக்கிழமைப் பள்ளியில் படித்தது, பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

எங்கள் ஆயா (பாட்டி) வீட்டில் காபி என்றால் டின்னில் வரும் ரிக்காஃபி. அதில் சிக்கரி உண்டு. ஆயா ஃபில்டரைப் பார்த்ததில்லை, ஆனால் சிக்கரி ருசி அவர்களுக்கும் பிடித்தது. ஒரு கரண்டி, வெந்நீர், கண்டென்ஸ்டு மில்க். கப்பலிலும் நான் அப்படித்தான். சின்ன டின், ஒரு கரண்டி. மெஷின் எதற்கு?

காபியும் கப்பலும் என்றதும் எனக்கு ஈஸ்டர்ன் கேப்பில் இருக்கும் காபி பே நினைவு வந்தது. 1860-களில் ஒரு கப்பல் தரை தட்டி, காபிக் கொட்டை கரையில் கொட்டி முளைத்தது, அதனால் அந்தப் பெயர் என்று சொல்வார்கள். அந்தக் காபி பே பக்கத்துக் கடலில்தான் ஓஷியானோஸ் கப்பல் 1991 ஆகஸ்ட் 4-இல் முழுகியது. ஈஸ்ட் லண்டனிலிருந்து டர்பனுக்கு வரும் வழி. 571 பேர், ஒருவரும் சாகவில்லை. கப்பலில் பாட வந்த கலைஞர்கள் நின்று ஜனங்களை ஹெலிகாப்டரில் ஏற்ற உதவினார்கள். அன்றைக்கு முழுக்க நாங்கள் ரேடியோ பக்கத்திலேயே இருந்தோம். என் மனைவி மூன்று தடவை காபி போட்டாள், மூன்றும் ஆறிப்போனது.

அந்தக் காலத்தில் கப்பல் ஏற டர்பன் துறைமுகத்து டி-ஜெட்டி என்-ஷெட்டுக்குப் போவோம், பழைய சரக்குக் கொட்டகை. இப்போது பாயின்ட் பகுதியில் பெரிய முனையம் கட்டிவிட்டார்கள், கண்ணாடியும் ஏசியும். என் கொள்ளுத்தாத்தா மெட்ராஸிலிருந்து வந்த கப்பலில் அறையே கிடையாது என்று ஆயா சொல்வார்கள். அதனால் அறையில் காபி இல்லை என்று நான் புகார் சொன்னால் எனக்கே சிரிப்பு வரும். ஆனால் மகள், உன் மாமியார் புகார் சொல்லலாம். எழுபத்தாறு வயதில் நாலரை மணிக் காபி அவருடைய உரிமை.

பீனிக்ஸ்காரி:

எல்லாருக்கும் நன்றி. போய்விட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

பித்தளை ஃபில்டரைக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். அதே பையனா தெரியாது, அதே மாதிரி ஒரு பையன். எடுத்து மேலும் கீழும் கழற்றினான். ஓட்டை போட்ட தட்டை விளக்குக்கு நேராகப் பிடித்து அதன் வழியாக என்னைப் பார்த்தான். "ஒயர் எங்கே ஆன்ட்டி?" "இல்லப்பா." "பேட்டரி?" "அதுவும் இல்ல." "அப்ப இது எப்படி வேலை செய்யும்?" பின்னால் வரிசை நின்றுகொண்டிருக்கிறது, நான் அவனுக்குப் பாடம் எடுக்கிறேன். கடைசியில் குடையைத் தனியாகக் கையில் எடுத்து, இது என்ன பொம்மையா என்று கேட்டுவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். மாமியார் இதற்குள் கப்பல் படியில் பாதி ஏறிவிட்டார்.

ராத்திரி ஒன்பதரைக்கு டிகாக்ஷன் போட்டேன். நாலே காலுக்கு மூடியைத் திறந்தால் தார் மாதிரி இறங்கியிருந்தது. அறை முழுக்க வாசனை. வீட்டுக்காரரே போர்வையை விலக்கி எழுந்து உட்கார்ந்தார். பாலுக்குக் கூடத்துக்கு ஓடினேன். சூடான பால் இல்லை, பெட்டியில் அடைத்த ஜில் பால்தான் இருந்தது. அதைக் கப்பில் ஊற்றி, இன்னொரு கிண்ணத்தில் கொதி நீர் பிடித்து, கப்பை அதற்குள் இறக்கி வைத்து, இரண்டு தடவை நீரை மாற்றிச் சூடு பண்ணினேன். தரை துடைத்துக்கொண்டிருந்த பிலிப்பைன்ஸ் பையன் துடைப்பத்தில் சாய்ந்தபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

மாமியார் டெக்கில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கடலில் அப்போதுதான் செம்மை. டம்ளரை வாங்கி ஒரு வாய் குடித்தார். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை.

"டிகாக்ஷன் நல்லா எறங்கியிருக்கு" என்றார். "பால்தான் தண்ணி."