புதுப்பிப்பு: ஜோர்கி-4 வந்துவிட்டது

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன்: "சோதித்துப் பார்த்தது, நன்றாக இயங்குகிறது" என்று ஒருவர் ஆன்லைனில் விற்கும் ஜோர்கி-4 என்ற பழைய சோவியத் ஃபிலிம் கேமராவை வாங்கலாமா என்று. வாங்கிவிட்டேன்.

பாடியின் வரிசை எண் 64-ல் தொடங்குகிறது. இதைத் தயாரித்த கிராஸ்னகோர்ஸ்க் ஆலையின் எண்களில் முதல் இரண்டு இலக்கம் ஆண்டு; ஆக இது 1964. கூட வந்த ஜூபிடர்-8 லென்ஸில் பூஞ்சை இல்லை, கண்ணாடி பளிச்சென்று இருக்கிறது.

முதல் ரோலைக் கழுவியதும்தான் வயிறு கலங்கியது. வெயிலில் எடுத்த படங்களில் எல்லாம் சிறு வெள்ளைப் புள்ளிகள். பின்மூடியையும் லென்ஸையும் கழற்றி, இருட்டறையில் முன்பக்கமிருந்து டார்ச் அடித்தேன். ஃபிலிமுக்கு முன்னால் வெளிச்சத்தை மறைக்கும் ஷட்டர் துணியில் மூன்று ஊசித்துளைகள், நட்சத்திரம் போல! ஷட்டரை ஏற்றிவிட்டும் (அடுத்த படத்துக்குத் தயாராக்கி வைத்தும்) ஒருமுறை பாருங்கள். துணி இரண்டு, ஒன்றில் மட்டும் ஓட்டை இருக்கலாம்.

படங்களை அனுப்பியதும் விற்றவர் பாதிப் பணத்தைத் திருப்பித் தந்தார். துளைகளில் கறுப்புத் துணிப் பெயின்ட்டை மிக மெல்லிசாகத் தடவி, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டேன். தடிப்பாகப் பூசினால் துணி விறைத்து, ஷட்டர் வேகமே மாறிவிடும். இரண்டாவது ரோலில் புள்ளி ஒன்றுகூட இல்லை.

போன மாதம் நான் கேட்டபோது "ஷட்டரை ஏற்றாமல் வேகக் குமிழைத் (ஷட்டர் வேகத்தை மாற்றும் குமிழ்) திருப்பாதே" என்று எச்சரித்த அண்ணனுக்கு ரொம்ப நன்றி. பெட்டியைப் பிரித்ததும் என் கை நேராக அங்கேதான் போனது.