எழுபதில் எவரெஸ்ட் அடிவாரம்: போனது சரி, வந்தது எப்படி?

பாய்லர்காரன்:
நம் பேட்ச் செய்தி மடல் வந்திருக்கிறது. 1977-இல் பி.இ. முடித்தவர்கள் ஓய்வுக்குப் பிறகு என்ன செய்கிறார்கள் என்று செயலாளர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். முதல் பக்கத்தில், கொட்டை எழுத்தில்: "எழுபது வயதில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து சென்று திரும்பிய நம் சிங்கம்!" நடந்து சென்றது சரி. நடந்தா திரும்பினார்? முகாமுக்கு முந்தைய கடைசித் தங்குமிடமான கோரக்‌ஷெப்பில் ஹெலிகாப்டர் ஏறிய படத்தை அவரே முகநூலில் போட்டிருக்கிறாரே. மடலில் மட்டும் ஹெலிகாப்டர் எங்கே பறந்து போயிற்று?

செயலாளர்:
பாராட்டி நாலு வரி எழுதும் இடத்தில் வண்டி வாகன விவரமா போடுவார்கள்? நடை தொடங்கும் லுக்லா வரை விமானத்தில் போனதையும்தான் நான் எழுதவில்லை. அடிவார முகாமின் உயரம் 5,364 மீட்டர். ஒவ்வொரு மூச்சிலும் இங்கே கிடைப்பதில் பாதி ஆக்சிஜன்தான். மலைக்கோட்டையில் தாயுமானவர் சன்னதியோடு திரும்பிவிடுகிற ஆட்கள் இதைப் பேசக்கூடாது.

பாய்லர்காரன்:
போன மாதம்கூட உச்சிப் பிள்ளையாரைப் பார்த்துவிட்டு வந்தேன். ஏறியதும் காலால், இறங்கியதும் காலால். என் முட்டியை விடுங்கள். ஹெலிகாப்டரா, இல்லையா?

வாரியத்தான்:
ஹெலிகாப்டர்தான். அதனால் என்ன? ஜப்பான்காரர் யூய்ச்சிரோ மியூரா 2013-இல் 80 வயதில் எவரெஸ்ட் உச்சியையே தொட்டார். இதய அறுவை சிகிச்சை எல்லாம் செய்துகொண்ட மனிதர். இறங்கும்போது சுமார் 6,500 மீட்டரில் இருக்கும் இரண்டாம் முகாமிலிருந்து அவரும் ஹெலிகாப்டரில்தான் வந்தார். அவர் சாதனையைக் கின்னஸ் ஏற்றுக்கொண்டது. நம் பாய்லர் ஏற்க மாட்டாராம்.

பாய்லர்காரன்:
பிரமாதமான ஒப்பீடு! மியூரா நின்ற இடம் 8,848 மீட்டர். நம் சிங்கம் அதற்கு மூன்றரை கிலோமீட்டர் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. அப்புறம் முக்கியமான விஷயம், மியூரா ஹெலிகாப்டரில் வந்தது உலகம் முழுக்கப் பத்திரிகையில் வந்தது. யாரும் மறைக்கவில்லை. நம் மடல்தான் சிங்கத்தை நடக்கவைத்தே கூட்டிவந்திருக்கிறது.

நியூஜெர்சி:
மியூராவோடு போட்டி போட்டவர் நேபாளத்தின் மின் பகதூர் ஷெர்சன். 2008-இல் 76 வயதில் உச்சி ஏறியவர். சாதனையைத் திரும்பப் பிடிக்க 2017-இல் 85 வயதில் போனார், அடிவார முகாமிலேயே உயிர் போனது. நம் நண்பன் முழுசாக வீடு வந்தான், அது போதாதா? உனக்கு எதற்கடா இந்த வயிற்றெரிச்சல்?

பாய்லர்காரன்:
வந்துவிட்டார் டாலர் தேசத்து நாட்டாமை! ஹெலிகாப்டரில் ஏறியது தப்பு என்று நான் எங்கே சொன்னேன்? ஏறாத மாதிரி எழுதியது தப்பு என்கிறேன். மேலே ஏறப் பல நாள் ஆகும், இறங்க மூன்று நான்கு நாள். முட்டி தேய்வது அந்த இறக்கத்தில்தான். அதைக் கழித்துவிட்டு "சென்று திரும்பிய" என்று எப்படி எழுதலாம்?

சர்வே லேப்:
அதே மடலில் நாலாம் பக்கம் என்று ஒன்று இருக்கிறது. 68 வயதில் நான் முனைவர் பட்டம் வாங்கிய செய்தி அதில் இருக்கிறது. ராமநாதபுரம் பக்கத்துக் கண்மாய்களில் நீர் திறக்கும் மடையும் மிகைநீர் வழியும் கலுங்கும் எந்த நிலையில் இருக்கின்றன என்று கரை கரையாகப் போய்ப் பார்த்து எழுதிய ஆய்வு. அந்தப் பக்கம் வரை ஒருவரும் வரவில்லை போலிருக்கிறது.

பாய்லர்காரன்:
வாழ்த்துகள், டாக்டரம்மா. கண்மாய்க்கெல்லாம் நடந்து போனீர்களா, ஹெலிகாப்டரிலா?

சர்வே லேப்:
டவுன் பஸ்ஸில். பெண்களான எங்களுக்கு அதில் 2021 முதல் டிக்கெட் கிடையாது. இதற்கும் வயிறு எரியுமே!

வாரியத்தான்:
எரியும். மலைக்குப் போனவன் மீதா இவருக்குக் கோபம்? ஓய்வுக்குப் பிறகு யாராவது சந்தோஷமாக இருந்தாலே இவருக்கு ஆகாது.

பாய்லர்காரன்:
ஆமாம், மின் வாரியத்தில் இருந்தவர்கள் சந்தோஷமாகத்தான் இருப்பீர்கள். கடைசியாக வாங்கிய சம்பளத்தில் பாதி ஓய்வூதியம், பஞ்சப்படி ஏற ஏற அதுவும் ஏறும். பொதுத்துறையில் வேலை பார்த்த எனக்கு வருவது இ.பி.எஸ்.-95 என்கிற தொழிலாளர் ஓய்வூதியத் திட்டப் பணம். அதில் பஞ்சப்படி என்ற பேச்சே இல்லை. 2014-இல் குறைந்தபட்சம் 1,000 ரூபாய் என்று அறிவித்ததைப் பெரிய வரமாகப் பேசினார்கள். அதை வைத்துக்கொண்டு காத்மாண்டு இல்லை, காரைக்குடி போகலாம்.

வாரியத்தான்:
அந்தக் காலத்தில் உங்கள் சம்பளம், போனஸ், குவார்ட்டர்ஸைக் காட்டி எங்களைக் கேலி செய்தது யார்? புயலடித்தால் ராத்திரியில் கம்பத்தடியில் நின்றவர்கள் நாங்கள். அதற்குத்தான் இந்த ஓய்வூதியம்.

பாய்லர்காரன்:
கம்பத்தடியில் நின்றது லைன்மேன். நீங்கள் ஜீப்பில் இருந்தீர்கள். சரி, ஹெலிகாப்டருக்கு வருவோம்.

மலைக்குப் போனவன்:
இவ்வளவு நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். மடலை நான் எழுதவில்லை. கோரக்‌ஷெப்பில் ராத்திரி தலைவலி, வாந்தி. ஆக்ஸிமீட்டரில் ரத்த ஆக்சிஜன் 70 சதவீதத்துக்குக் கீழே போனது. வழிகாட்டிப் பையன் பயந்துபோய் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டான். செலவைக் காப்பீடு கொடுத்தது. போதுமா?

பாய்லர்காரன்:
போதாது. தேவையே இல்லாமல் ஹெலிகாப்டரைக் கூப்பிட்டுக் காப்பீட்டில் கறக்கிற கூத்தை 2018-இல் நேபாள அரசே விசாரித்தது. மூச்சு வாங்கிய ஆள் கட்டை விரலைத் தூக்கிக்கொண்டு எப்படிச் சிரிக்கிறார்? படத்தைத் திரும்பப் பாருங்கள்.

மலைக்குப் போனவன்:
என்னைத் திருடன் என்கிறாயா? எமர்ஜென்சி சமயத்தில் ஹாஸ்டல் மெஸ் செயலாளராக இருந்தது யார்? மொத்தச் செலவை எல்லோருக்கும் பங்குபோடுகிற டிவைடிங் சிஸ்டத்தில் அந்த வருஷம் மட்டும் மெஸ் பில் ஏன் அப்படி எகிறியது? கணக்கு நோட்டு எங்கே?

நியூஜெர்சி:
நானும் இதைக் கேட்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குக் கால் இருந்ததா என்றே சந்தேகம்.

பாய்லர்காரன்:
நோட்டை வார்டனிடம் அன்றைக்கே ஒப்படைத்தேன். அவர் இப்போது உயிரோடு இல்லை என்ற தைரியத்தில் பேசுகிறீர்கள். கோழிக்குக் கால் இருந்தது. எதிர்த்த அறைக்காரன் இரண்டு டோக்கன் போட்டு வாங்கித் தின்றான், அவன் இன்று நியூஜெர்சியில் இருக்கிறான்.

செயலாளர்:
அடுத்த மடலில் "நடந்து சென்ற" என்று மட்டும் போட்டுவிடுகிறேன். "திரும்பிய" வேண்டாம். அத்தோடு விடுங்கள். 2027 பொன்விழாச் சந்திப்புக்குப் பணம் கட்டாதவர்கள் பட்டியலில் பாய்லர்காரன் பெயர் முதலில் இருக்கிறது என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

பாய்லர்காரன்:
அதெப்படி? கொட்டை எழுத்தில் புளுகிவிட்டு, சத்தமில்லாமல் ஒரு சொல்லை எடுப்பீர்களா? முதல் பக்கத்தில், அதே அளவு எழுத்தில், ஹெலிகாப்டர் என்று போடுங்கள். அன்றைக்கே பணம் கட்டுகிறேன்.

வாரியத்தான்:
மெஸ் நோட்டோடு வந்து கட்டுங்கள்.