ஸ்லாக்கையும் டீம்ஸையும் இணைத்ததும் ஒரே செய்தி வந்துகொண்டே இருக்கிறது, அவசர உதவி

முகில்:
எங்கள் குழு ஸ்லாக் என்ற அலுவலக அரட்டைச் செயலியில் இருக்கிறது, கூட வேலை பார்க்கும் இன்னொரு குழு மைக்ரோசாஃப்ட் டீம்ஸில். அவர்கள் இங்கே வர மாட்டார்கள், எங்களுக்கும் அங்கே போக மனமில்லை. அதனால் ஒரே ஒரு சேனலை மட்டும், நிரல் எழுதாமலே செயலிகளை இணைக்கும் நோ-கோட் கருவி வைத்து இணைக்கச் சொன்னார்கள். ஸ்லாக்கிலிருந்து டீம்ஸுக்கு அருமையாகப் போனது. மறுபக்கமும் போட்டேன், அவ்வளவுதான், யாரோ எழுதிய "மீட்டிங் மூன்று மணிக்கு" என்ற ஒற்றை வரி சேனல் முழுக்க நிரம்பிவிட்டது. எல்லாவற்றையும் ஆஃப் செய்து வைத்திருக்கிறேன். பாட் (தானியங்கிக் கணக்கு) போடும் செய்திகளை எடுக்காதே என்று ஏற்கெனவே அமைத்தாயிற்று, அதைத் திரும்பச் சொல்ல வேண்டாம். நாளைக் காலைக்குள் ஓட வேண்டும். யாருக்காவது இப்படி ஆகியிருக்கிறதா?

பட்டறை:
எந்தக் கருவி என்று சொல்லவே இல்லையே. ஜாப்பியரா, மேக்கா, என்8என்னா, பவர் ஆட்டோமேட்டா? ஒவ்வொன்றுக்கும் பதில் வேறு.

மழைக்கால்:
கூடவே இதையும் சொல்லுங்கள்: நகல்கள் ஒரு பக்கம் மட்டும் வந்தனவா, இரண்டு பக்கமுமா? தானாக நின்றதா, நீங்கள் ஆஃப் செய்த பிறகு நின்றதா? அப்புறம், வந்து விழுந்த செய்திக்கு மேலே யாருடைய பெயர் இருந்தது?

ஒற்றைக்கம்பி:
இது ஸ்லாக்கின் மறுமுயற்சிதான், எனக்குச் சந்தேகமே இல்லை. ஸ்லாக்கில் நடப்பதை வெளிச் செயலிகளுக்குத் தெரிவிக்கும் ஈவென்ட்ஸ் ஏபிஐ ஒரு நிகழ்வை அனுப்பிவிட்டு 3 விநாடிக்குள் "கிடைத்தது" என்ற பதிலை எதிர்பார்க்கும். வராவிட்டால் உடனே ஒரு முறை, 1 நிமிடம் கழித்து ஒரு முறை, 5 நிமிடம் கழித்து ஒரு முறை என்று அதே நிகழ்வை மறுபடி அனுப்பும். நீங்கள் அமைத்த வொர்க்ஃப்ளோ (தானாக ஓடும் படிகளின் தொடர்) எல்லாப் படிகளையும் முடித்துவிட்டுப் பதில் சொல்கிற மாதிரி வைத்திருந்தால் 3 விநாடி எந்த மூலைக்கு? முதலில் பதிலைச் சொல்லிவிட்டு வேலையைப் பிறகு செய்யுங்கள். என்8என்னில், வெளியிலிருந்து வரும் தகவலை வாங்கும் வெப்ஹுக் நோடில் "உடனே பதில் கொடு" என்று ஒரு அமைப்பே இருக்கிறது.

மூத்தவன்:
இதே கேள்வி இங்கே எத்தனை முறை வந்துவிட்டது, தேடிப் பார்த்துவிட்டு எழுதினால் எல்லாருக்கும் நேரம் மிச்சம். இரண்டு பக்கமும் ட்ரிகர் (வேலையைத் தொடங்கி வைக்கும் நிகழ்வு) வைத்தால் லூப் வரும், செய்தி சுற்றிச் சுற்றி வரும் என்பது பாலபாடம். பாட் செய்தியை வடிகட்டுங்கள், ஐந்து நிமிட வேலை. அடிப்படை தெரியாமல் இழுத்து விடுகிற வசதியைத்தான் நோ-கோட் எல்லாருக்கும் கொடுத்து வைத்திருக்கிறது.

மழைக்கால்:
அதை ஏற்கெனவே செய்தாயிற்று என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறார் ஐயா.

மூத்தவன்:
செய்ததாக நினைத்திருப்பார். சரியாகச் செய்திருந்தால் நின்றிருக்கும்.

தறி:
எனக்கு வேறு ஒரு சந்தேகம். சோதிப்பதற்காக அந்த வொர்க்ஃப்ளோவுக்கே ஒரு நகல் எடுத்து வைத்திருப்பார், அதுவும் ஆன் ஆகவே இருக்கும். எங்கள் அலுவலகத்தில் நடந்தது இதுதான். பட்டியலில் இறங்கிப் பாருங்கள், ஒரே வேலையைச் செய்யும் இரண்டு இருந்தால் ஒன்றை அணைத்துவிடுங்கள்.

முகில்:
மன்னிக்கவும், மீட்டிங்கில் இருந்தேன். ஜாப்பியர். வெப்ஹுக் எதுவும் இல்லை, நேரடி ஸ்லாக், டீம்ஸ் இணைப்புகள்தான். மொத்தமே இரண்டு ஜாப் (ஜாப்பியரில் வொர்க்ஃப்ளோவுக்கு அதுதான் பெயர்), நகல் கிடையாது. இரண்டு பக்கமும் வந்தது, நான் அணைக்கும் வரை நிற்கவில்லை. பெயர் என்னுடையதுதான், இரண்டு பக்கமும். யார் எழுதினாலும் என் படம் போட்டுத்தான் வந்தது. பாட் என்று வந்தால் யாரும் படிக்க மாட்டார்கள் என்று அப்படி வைக்கச் சொன்னார்கள்.

மழைக்கால்:
அங்கேதான் மாட்டிக்கொண்டிருக்கிறது. ஜாப்பியரில் ஸ்லாக்குக்கு அனுப்பும் படியில் "பாட் ஆக அனுப்பவா" என்று ஒரு கேள்வி வரும். அதற்கு வேண்டாம் என்று கொடுத்தால், இணைப்புக் கொடுத்தவர் கணக்கிலிருந்தே செய்தி போகும். நீங்கள் வைத்த பாட் தடை அதை ஒன்றும் செய்யாது, முகில் என்ற மனிதர் எழுதியதாகவே அது பார்க்கும். டீம்ஸ் பக்கமும் உங்கள் பெயரில்தான் விழுகிறது என்கிறீர்கள், அங்கே எந்த வடிகட்டியும் வைத்ததாகத் தெரியவில்லை.

ஒரு செய்தியின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். ஸ்லாக்கில் ஒருவர் எழுதுகிறார், முதல் ஜாப் அதை டீம்ஸில் உங்கள் பெயரில் போடுகிறது. டீம்ஸில் புதுச் செய்தி வந்துவிட்டதே என்று இரண்டாவது ஜாப் எழுந்து ஸ்லாக்கில் உங்கள் பெயரில் போடுகிறது. அது பாட் இல்லை என்பதால் முதல் ஜாப் மறுபடி எழுகிறது. இதற்கு முடிவே கிடையாது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஸ்லாக் பக்கம் மட்டும் பாட் ஆக மாற்றினால் லூப் நிற்கும், ஆனால் ஸ்லாக்கில் எழுதுகிற ஒவ்வொரு செய்தியும் டீம்ஸ் போய் ஒரு தடவை ஸ்லாக்குக்கே எதிரொலிக்கும். வடிகட்டி இரண்டு ஜாப்பிலும் வேண்டும்.

உங்கள் கணக்கையே வடிகட்டினால் நீங்கள் உண்மையாக எழுதுவதும் போகாது. அதனால் இணைப்புக்கென்றே இரண்டு பக்கமும் தனிக் கணக்கு கேட்டு வாங்குங்கள். வடிகட்டியில் பெயரைப் போடாதீர்கள், பயனர் அடையாள எண்ணைப் போடுங்கள். பெயரை யாரும் எப்போதும் மாற்றலாம், எண் மாறாது. எழுதியவர் பெயரைச் செய்தியின் முதல் வரியில் சேர்த்துவிட்டால் படிப்பவர்களுக்கும் குழப்பம் இருக்காது. வடிகட்டிப் படி, ஜாப்பியர் கட்டணத்துக்காக எண்ணும் டாஸ்க் கணக்கில் சேராது, தாராளமாக வைக்கலாம்.

ஒற்றைக்கம்பி:
சரி, நேரடி இணைப்பு என்றால் 3 விநாடி விஷயத்தை ஜாப்பியரே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் செய்தியின் நேர முத்திரையை ஒரு அட்டவணையில் எழுதி வைத்து, வந்ததே மறுபடி வந்தால் விட்டுவிடுகிற மாதிரி செய்வது நல்லது. மறுமுயற்சி எங்கிருந்தும் வரலாம்.

பட்டறை:
இவ்வளவு பாடு எதற்கு? மேட்டர்பிரிட்ஜ் என்று ஒரு திறமூலக் கருவி இருக்கிறது, ஸ்லாக், டீம்ஸ், இன்னும் பல அரட்டைச் செயலிகளை ஒன்றோடொன்று இணைப்பதற்கென்றே எழுதியது. சொந்த சர்வரில் ஒரு கட்டமைப்புக் கோப்பு, முடிந்தது. டாஸ்க் எண்ணிக்கை இல்லை, மாதாமாதம் கட்டணம் இல்லை, செய்திகள் மூன்றாம் நிறுவனம் வழியாகப் போவதும் இல்லை. இந்த லூப்பில் மட்டும் எத்தனை டாஸ்க் கரைந்ததோ.

தறி:
அந்த சர்வரை யார் பார்ப்பது? நீங்கள் வேறு வேலைக்குப் போன பிறகு அந்தக் கட்டமைப்புக் கோப்பைத் திறந்து பார்க்கக்கூட ஆள் இருக்காது. நோ-கோட்டில் வைத்தால் மனிதவளத்தில் இருப்பவர்கூடத் திறந்து, எது எங்கே போகிறது என்று பார்க்க முடிகிறது. எங்களுக்கு அதுதான் பெரிய விஷயம்.

பட்டறை:
பார்க்கலாம், சரி செய்ய முடியுமா? நோ-கோட் ஓட்டங்கள் யாராவது ஒருவருடைய தனிக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். அவர் கணக்கை மூடினால் இணைப்பு அறுந்துவிடும். 2024 ஜூலையில் மைக்ரோசாஃப்ட் வெளிச் செயலிகளின் செய்திகளை டீம்ஸுக்குள் கொண்டுவரும் பழைய கனெக்டர்களை நிறுத்தப்போவதாக அறிவித்தபோது என்ன நடந்தது? எல்லாரையும் பவர் ஆட்டோமேட்டின் வொர்க்ஃப்ளோஸுக்குப் போகச் சொன்னார்கள். பிறகு தவணையைத் தள்ளி வைத்தார்கள், ஆனாலும் எந்த வெப்ஹுக்கை யார் போட்டது என்றே பல இடங்களில் தெரியவில்லை.

தறி:
அது நிரலாக எழுதியவர்களுக்கும்தான் வந்தது. பழைய முகவரிக்குச் செய்தி அனுப்பிய ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் மாற்ற வேண்டியிருந்ததே. எதில் எழுதினாலும் யார் பொறுப்பு என்று எழுதி வைக்காவிட்டால் ஒன்றுதான். வொர்க்ஃப்ளோஸில் இணை உரிமையாளர் சேர்க்கும் வசதி இருக்கிறது, யாரும் சேர்ப்பதில்லை.

மூத்தவன்:
இணைப்பதே தவறான யோசனை என்பேன். அந்தக் குழுவில் சிலரை ஸ்லாக்கில் விருந்தினராகச் சேர்த்தால் முடிந்தது. இன்னொரு குழுவின் உரையாடல் எந்த அனுமதியும் இல்லாமல் வெளியே போகிறது, இதை யாராவது யோசித்தீர்களா?

மழைக்கால்:
அனுமதி பற்றிச் சொன்னது சரியான விஷயம். முகில், அவர்கள் பக்க நிர்வாகியிடம் எழுத்தில் ஒரு வார்த்தை வாங்கிவிடுங்கள். ஆனால் விருந்தினராக வர மாட்டார்கள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டார், இப்போது அவருக்கு நாளைக் காலைக்குள் ஓடினால் போதும்.

நூல்கண்டு:
குறுக்கே வருகிறேன், இதே வேலையை நான் பவர் ஆட்டோமேட்டில் செய்துகொண்டிருக்கிறேன். டீம்ஸில் யாராவது பதில் எழுதினால் அது ஸ்லாக்குக்குப் போகவே இல்லை, முதல் செய்தி மட்டும்தான் போகிறது. அப்புறம் ஸ்லாக்கில் யாரையாவது குறிப்பிட்டால் பெயருக்குப் பதிலாக யு என்று தொடங்கும் ஏதோ எழுத்தும் எண்ணுமாக வருகிறது. ஏன்?

மழைக்கால்:
"சேனலில் புதுச் செய்தி வந்தால்" என்ற ட்ரிகர் தலைச் செய்திக்கு மட்டும்தான் எழும், பதில்களுக்கு எழாது, ஆவணத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. பெயர் விஷயம், ஸ்லாக் உள்ளே பெயரை வைப்பதில்லை, பயனர் எண்ணைத்தான் வைக்கிறது. நடுவில் ஒரு படி போட்டு எண்ணைப் பெயராக மாற்றிக்கொள்ளுங்கள். ஸ்லாக்கில் சரியான த்ரெட்டில் (ஒரு செய்திக்கு அடியில் வரும் பதில் தொடரில்) பதில் விழ வேண்டுமென்றால் தலைச் செய்தியின் நேர முத்திரையும் டீம்ஸ் செய்தியின் எண்ணும் ஜோடியாக எங்காவது சேமித்திருக்க வேண்டும். அட்டவணை இல்லாமல் அது நடக்காது. ஒற்றைக்கம்பி சொன்ன அட்டவணையே இதற்கும் உதவும்.

ஒற்றைக்கம்பி:
அதைத்தான் சொன்னேன்.

முகில்:
தனிக் கணக்கு கிடைத்தது, இரண்டு ஜாப்பிலும் எண்ணை வைத்து வடிகட்டினேன், நின்றுவிட்டது. எதிரொலியும் இல்லை. மழைக்காலுக்கு மிக்க நன்றி. அனுமதிக்கு மடல் போட்டிருக்கிறேன். படங்கள் மட்டும் டீம்ஸில் திறக்கவில்லை, பிறகு பார்க்கிறேன்.

மழைக்கால்:
ஸ்லாக் கோப்பின் முகவரி உள்நுழைந்தவர்களுக்குத்தான் திறக்கும். முகவரியை அனுப்பாமல் கோப்பையே இறக்கி, டீம்ஸ் பக்கம் ஏற்ற வேண்டும். ஒருவர் எழுதியதைத் திருத்தினாலோ அழித்தாலோ என்ன ஆகிறது என்று பார்த்தீர்களா? டீம்ஸில் பழையதே நின்றுகொண்டிருந்தால் அந்தக் குழுவிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நூல்கண்டு:
முகில், அந்தக் கணக்குக்கு டீம்ஸ் பக்கம் தனி உரிமம் கேட்டார்களா? எங்கள் நிர்வாகி அதிலேயே நிற்கிறார்.